எட்டாவது வரை நன்றாகப் படித்த பையன், ஒன்பதாவதில் "எனக்குப் படிப்பு வராது" என்கிறான்

திருப்பூர் தாய்மாமன்:
எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா பையனைப் பற்றித்தான் கேட்கிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமம். எட்டாவது வரை ஊரிலேயே நடுநிலைப் பள்ளி, வகுப்புத் தலைவனாக இருந்தவன். ஒன்பதாவதுக்கு டவுனில் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில வழியில் சேர்த்தார்கள். காலாண்டில் கணக்கு 19, அறிவியல் 27. கேட்டால் "எனக்குப் படிப்பு வராது மாமா, விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முகூர்த்த நாள் வந்தால் கேட்டரிங் வேலைக்குக் கிளம்பிவிடுகிறான், ஒரு கல்யாணத்துக்கு 500 ரூபாய் கிடைக்கிறதாம். போனைப் பிடுங்கு, டியூஷனில் சேர் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஆர்வம் போனதால் மார்க் போனதா, இல்லை வேறு ஏதாவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்:
ஆர்வம் வந்தால் மார்க் தானாக வரும் என்று வீட்டில் நினைப்பார்கள். வகுப்பில் நான் பார்ப்பது பெரும்பாலும் தலைகீழ்: புரியாமல் போகிறது, மார்க் போகிறது, அதற்கு அப்புறம்தான் ஆர்வம் போகிறது. "வராது" என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை தோற்கும்போது வலிக்காது, அதனால்தான் முந்திக்கொண்டு சொல்கிறார்கள்.

எட்டாவது வரை நூற்றுக்கு 40 வளரறி மதிப்பீடு. செயல்திட்டம், சார்ட், சிறுதேர்வு எல்லாம் அதில் வரும். எழுத்துத் தேர்வு 60-க்குத்தான். பொறுப்பான பையன் என்றால் அந்த 40 எளிதில் கிடைத்துவிடும், அடியில் இருக்கும் ஓட்டை யார் கண்ணுக்கும் தெரியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. இப்போது உயர்நிலைக்கு வரும் பல பிள்ளைகளுக்கு நீள வகுத்தலும் பின்னமும் படிக்க வேண்டிய வயது அப்படியே அதில் போய்விட்டது.

டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் ஒரு தாளைக் கொடுத்து மூன்றே மூன்று கணக்கு போடச் சொல்லுங்கள். 618-ஐ 6-ஆல் வகு. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டு. −3−5 எவ்வளவு? முதலாவதுக்கு 103-க்குப் பதில் 13 என்று எழுதினால் நடுவில் பூஜ்ஜியம் போடத் தெரியவில்லை. மூன்றாவதுக்கு "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று 8 எழுதினால், பெருக்கலுக்கான விதியைக் கூட்டலில் போடுகிறான். இந்த ஓட்டையோடு இயற்கணிதப் பாடத்தில் உட்கார்ந்தால் எந்தப் பையனுக்கும் படிப்பு வராது என்றுதான் தோன்றும். திட்டாமல், விடையை மட்டும் பார்க்காமல், எப்படிப் போட்டான் என்று அவனையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ரெண்டு பிள்ளைங்க அம்மா:
டீச்சர் சொன்னது சரி, ஆனால் அதற்கும் முன்னால் கண்ணைக் காட்டுங்கள் தம்பி. என் பெரியவள் ஏழாவதில் இப்படித்தான் சரிந்தாள். நோட்டை எடுத்துப் பார்த்தால் பாதிக் கணக்கில் எண்களே தப்பு, கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பெண் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். அரசுப் பள்ளியில் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறானா? காலை உணவுத் திட்டம் ஐந்தாவது வரைக்கும்தான். ஒன்பதாவது பிள்ளைக்கு மதியம் சத்துணவு உண்டு, காலையில் ஒன்றும் கிடையாது. ஏழரை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளை வெறும் வயிற்றோடுதான் ஓடும். அப்புறம் அந்தக் கேட்டரிங். பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றிவிட்டு வீடு வர நள்ளிரவு ஆகும், மறுநாள் வகுப்பில் என்ன ஏறும்? ஆனால் எடுத்த எடுப்பில் சத்தம் போடாதீர்கள். அந்தக் காசு எதற்கு என்று கேளுங்கள். வீட்டுக்குக் கொடுக்கிறான் என்றால், அவனிடம் பேசுவதை விட அக்காவிடமும் அவன் அப்பாவிடமும்தான் முதலில் பேச வேண்டும்.

பி.எட். மாணவன்:
ஆங்கில வழிக்கு மாறியதை யாரும் சொல்லவில்லையே. நானும் ஒன்பதாவதில்தான் மாறினேன். ஒளிச்சேர்க்கை பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதுவேன், கேள்வியே புரியாமல் வெறும் தாளைக் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவன் டக்கென்று பதில் சொல்லும்போது நாம் முட்டாள் என்றே முடிவுக்கு வந்துவிடுவோம். அதே பாடத்தின் தமிழ்ப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், அறிவியல் மார்க் போனது ஏன் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அரசு வேலைக் கனவு இருந்தால் இன்னொன்று: தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 2020-ல் வந்த திருத்தத்தின்படி பள்ளிப்படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும்.

வீட்டில் அவன் காதுபட என்ன பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 1968-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு எங்களுக்குப் பாடத்தில் உண்டு. குலுக்கலில் எடுத்த மாதிரி சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இவர்கள் நன்றாக வருவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே மற்றவர்களை விட முன்னேறினார்கள். விளைவு எவ்வளவு பெரியது என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் எதிர்பார்ப்பது பிள்ளைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று நான் நம்புகிறேன்.

திருப்பூர் தாய்மாமன்:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். டீச்சர், பின்னம் சரியாகப் போட்டான், 618-க்கு 13 என்றுதான் எழுதினான், −3−5-க்கு 8. 13-ஐ 6-ஆல் பெருக்கிப் பார் என்றதும் 78 வந்தது, அவனே அடித்துவிட்டுத் திரும்பப் போட்டு 103 கொண்டுவந்தான். அப்புறம் "இன்னொண்ணு குடுங்க" என்று கேட்டான். கண் பரிசோதனைக்கு அக்கா கூட்டிப்போகிறார். கேட்டரிங் காசில் பாதி வீட்டுக்குத்தான் வருகிறது, அதை அவன் அப்பாவிடம் பேசியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: தமிழ் வழிப் பிரிவுக்கு இப்போது மாற்றுவார்களா?

கணக்கு டீச்சர்:
அதே பள்ளியில் தமிழ் வழிப் பிரிவு இருந்தால் தலைமை ஆசிரியரிடம் அப்பாவோ அம்மாவோ நேரில் போய்க் கடிதம் கொடுக்கட்டும். பத்தாவதுக்குப் போவதற்குள் முடித்துவிடுங்கள், அங்கே போனால் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் வேலை வந்துவிடும். போகும்போது பையனையும் கூட்டிப்போங்கள், மாற வேண்டுமா என்று அவனும் சொல்லட்டும். வகுத்தலுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும், அதற்கு மேல் வேண்டாம்.