சூரத் கோர்ட் வாரண்ட்டுக்கு திருப்பூர்லயே ஜாமீன் கிடைக்குமுங்களா?

அவிநாசிக்காரன்:
ஏனுங்ணா, மாமன் பேர்ல சூரத் கோர்ட்ல செக் பவுன்ஸ் கேஸ், துணி வாங்குன பாக்கி. சம்மனுக்கு போகாம விட்டதுல பிடிவாரண்ட் போட்டு வருசமாச்சு, இப்ப அங்கத்த போலீஸ் வருதுங்கறாங்க, பழைய வாரண்ட் செல்லுமா, இங்கயே ஜாமீன் எடுக்கலாமா? அத்தை சோறுதண்ணி இல்லாம உக்காந்திருக்குது.

பல்லடம் வக்கீல்:
வருசமானாலும் செல்லுமுங்க. போட்ட கோர்ட் ரத்து பண்ற வரைக்கும், இல்லாட்டி ஆளைப் புடிக்கற வரைக்கும் அது உசுரோடதான் இருக்கும், பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்ற நடைமுறைச் சட்டத்துல 72வது பிரிவுல தெளிவா இருக்குது. ஆனா ஜட்ஜ் கையெழுத்தும் கோர்ட் சீலும் இருக்கோணும், கேட்டா போலீஸ் காட்டியே ஆகோணும், கேளுங்க.
ஜாமீன் விசயத்துக்கு அதே சட்டத்துல 82, 83 பிரிவு பாருங்க. நேரா அங்க கொண்டு போக, சூரத் கோர்ட் புடிக்கற எடத்துல இருந்து 30 கிலோமீட்டருக்குள்ளயா இருக்குது? அதனால இங்கத்த மாஜிஸ்திரேட், இல்லாட்டி எஸ்பி, கமிஷனர் முன்னாடிதான் நிறுத்தோணும், நேரா ரயிலேத்த முடியாது. செக் கேஸ் ஜாமீன்ல விடற குத்தம், மாமன் ஜாமீன்தாரரோட ரெடியா நின்னா அந்த அதிகாரியே ஜாமீன் எடுத்துட்டு ஜாமீன் பத்திரத்தை சூரத்துக்கு அனுப்புவாரு. சொத்துவரி ரசீது, ஆதார் இப்பவே எடுத்து வைங்க.

அவிநாசிக்காரன்:
மோசடின்னு எஃப்ஐஆரும் இருந்துச்சுன்னா?

ஈரோட்டு தம்பி:
அதுக்கும் வழி இருக்குதுங்ணா. வெளிமாநில எஃப்ஐஆருக்கு இங்கத்த செஷன்ஸ் கோர்ட்டோ ஹைகோர்ட்டோ கொஞ்ச காலத்துக்கு முன்ஜாமீன் குடுக்கலாம்னு 2023 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அங்க உடனே போக முடியாததுக்கு சரியான காரணம் காட்டோணும், அந்த டைமுக்குள்ள குஜராத் கோர்ட்ல மனு போட்றோணும்.

பல்லடம் வக்கீல்:
ஆமா. ஆனா ஒளிஞ்சுக்க மட்டும் சொல்லாதீங்க, சூரத்ல ஒரு வக்கீலைப் புடிச்சு வாரண்ட் ரத்துக்கு நாளைக்கே மனு போடுங்க.