21 சொட்டு வச்சும் டிரிப் இறங்கல, கணக்கு தப்பா? அவசரம்

பாலக்கோடு பொண்ணு:
யாராச்சும் இருந்தா சீக்கிரம் சொல்லுங்க, நான் ஜிஎன்எம் நர்சிங் செகண்ட் இயர், கிருஷ்ணகிரி பக்கம் போஸ்டிங், 500 எம்எல் என்எஸ் (நார்மல் சலைன், உப்புத் தண்ணி) 8 மணி நேரத்துல போகணும்னு ஆர்டர், கணக்கு போட்டு நிமிஷத்துக்கு 21 சொட்டு வச்சேன், வாட்ச் பார்த்து ரெண்டு தடவ எண்ணிட்டேன் 21 தான் விழுது, ஆனா 2 மணி நேரம் ஆகியும் 50 எம்எல் கூட இறங்கல

அரூர்க்காரன்:
என்ன செட்டுங்க, அந்த டிரிப் டியூப்? கவர்ல எம்எல்லுக்கு எத்தன சொட்டுன்னு போட்டிருக்கும். 20 செட்னா 21 சொட்டு, 15 செட்னா 16. அத சொல்லாம என்னன்னு சொல்றது

ஓசூர் மணி:
கை வீங்கியிருக்கா? வென்ஃப்ளான் (நரம்புல போட்ட ஊசிக் குழாய்) வெளிய வந்திருந்தா நின்னுடும். ஸ்டாண்டயும் ஒசத்துங்க

காவேரிப்பட்டணம்:
கெட்டி பாட்டிலா? காத்து போக வென்ட் திறந்திருக்கா பாருங்க

அரூர்க்காரன்:
சொட்டுதான் சரியா 21 விழுதுங்கறாங்களே, அப்புறம் அடைப்பு எங்க இருக்கும்

சீனியர் ஸ்டாஃப்:
இதெல்லாம் ஃபர்ஸ்ட் இயர் பாடம். 500ஐ 20ஆல பெருக்கி 480 நிமிஷத்தால வகுத்தா 20.8, சரிதான். ஆனா அந்த 20ஐ மனப்பாடமா வச்சுகிட்டு கைல இருக்கிற செட்ட பாக்கறதில்ல. சேம்பருக்குள்ள சொட்டு விழற இடத்துல ஊசி மாதிரி மெல்லிசா நீட்டிகிட்டு இருக்கா? அப்ப மைக்ரோ செட். 60 சொட்டு சேர்ந்தாதான் 1 எம்எல். 21 சொட்டுன்னா மணிக்கு 21 எம்எல், 2 மணி நேரத்துக்கு 42. அதான் 50 தாண்டல

மத்தூர் அக்கா:
கேக்கற பிள்ளய ஏன் சிஸ்டர் திட்டறீங்க. பாப்பா, லேட் ஆயிடுச்சேன்னு சொட்டு வேகத்த மாத்தற ரோலர முழுசா திறந்துடாத, ஹார்ட் கிட்னி பேஷன்ட்னா நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு திணறிடும். முதல்ல டூட்டி ஸ்டாஃப்கிட்ட சொல்லு. இனிமே பாட்டில்ல பிளாஸ்டர் ஒட்டி மணிக்கு ஒரு கோடு போட்டு வை, பின்தங்கினா ஒரு மணி நேரத்துலயே தெரிஞ்சிடும்

ஓசூர் மணி:
பிளாஸ்டர் எதுக்கு, மார்க்கர்லயே எழுதிடலாம்

மத்தூர் அக்கா:
பிளாஸ்டிக் பை மேல நேரா எழுதக் கூடாதுங்க, மை உள்ள ஊறிடும்னுதான் லேபிள்ல எழுத சொல்றாங்க

ஓசூர் மணி:
எங்க வார்டுல எல்லாரும் எழுதறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல

சீனியர் ஸ்டாஃப்:
ஆகலன்னு எப்படி தெரியும்? எந்த பேஷன்ட்ட ஃபாலோ பண்ணீங்க?

ஓசூர் மணி:
பிளாஸ்டர் எல்லா ஷிஃப்ட்லயும் கைக்கு கிடைக்குதா மேடம்? அத சொல்லுங்க

பாலக்கோடு பொண்ணு:
மைக்ரோதான். தூக்கிப் போட்ட கவர எடுத்து பார்த்தேன், 60 போட்டிருக்கு, குழந்தைங்க வார்டு செட் கலந்து வந்திருக்கு. ஸ்டாஃப் அக்கா டாக்டர கேட்டு செட் மாத்திட்டாங்க, மீதி 6 மணி நேரத்துக்கு 25 சொட்டு. பேஷன்ட் நல்லா இருக்காரு. தேங்க்ஸ்

அரூர்க்காரன்:
மாத்தின செட் கவர்ல 20தான் போட்டிருக்கா, பார்த்தீங்களா?