செவில் த்ரியானா பக்கம் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. மார்ச் மாதம், தவக்காலத்தில், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் போகிறேன். பெரிய கோயிலையும் ஹிரால்டா கோபுரத்தையும் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே ஆசை, ஆற்றுக்கு அக்கரையில் த்ரியானாவில் இருக்கும் எஸ்பெரான்சா மாதாவைப் பார்க்க வேண்டும். புனித வியாழன் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, விடிய விடிய ஊர்வலம் போகிற மாதா. ஊர்வலத்தை நடத்தும் பக்த சபையின் இல்லமும், மாதா இருக்கும் 'மாலுமிகளின் சிற்றாலய'மும் த்ரியானாவின் புரேசா தெருவில்தான்.

கேட்க வேண்டியது இதுதான். மதியம் பூட்டிவிடுவார்களா? அங்கே மதியம் பல இடங்களில் பூட்டிவிடுவார்கள் என்பதால் கேட்கிறேன். சபை இல்லத்துக்குள் வெளியாட்களை விடுவார்களா, சபை உறுப்பினர் யாராவது கூட வர வேண்டுமா? மாதாவின் மேலங்கி, கிரீடம், வெள்ளி வேலைப்பாடுள்ள சப்பரம் எல்லாம் கிட்டத்தில் பார்க்க முடிந்தால் அம்மா அழுதே விடுவார். படம் எடுக்கலாமா?

இன்னொன்று. சப்பரத்தைக் கழுத்தில் தாங்கும் கோஸ்தலேரோக்கள் தவக்கால இரவுகளில் தெருவிலேயே பயிற்சி எடுப்பார்களாம். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அம்மாவுக்கு முழங்கால் வலி. த்ரியானாவுக்குப் போகும் இசபெல் பாலத்தை நடந்தே கடக்கலாமா, டாக்சி நல்லதா? எனக்கு ஸ்பானிஷ் 'கிராசியாஸ்' (நன்றி) அளவுக்குத்தான்.