உடன்மாறுபாட்டு அணியின் அணிக்கோவை 0 என்று வருவது ஏன்?

செந்தூல் மாணவி:
வணக்கம். பூர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட 100 நிறுவனங்களின் 500 நாள் பங்கு வருவாயைப் பன்மாறி இயல்நிலைப் பரவலில் பொருத்திப் பார்க்கிறேன். அதற்கு உடன்மாறுபாட்டு அணியின் (பங்குகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண் அட்டவணை) அணிக்கோவை (determinant) வேண்டும். ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளின் டெட் (det) கட்டளையோ 0 என்கிறது. அப்படியானால் நேர்மாறு இருக்கக் கூடாது. ஆனால் சால்வ் (solve) கட்டளை நேர்மாறைத் தருகிறது, மூல அணியோடு பெருக்கினால் அலகு அணியும் கிடைக்கிறது. எதை நம்புவது?

ஜார்ஜ்டவுன் வாசகர்:
ஒரே நிறுவனம் இரண்டு நிரல்களில் இடம்பெற்றுள்ளதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் அணிக்கோவை 0 ஆகிவிடும்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
அந்தச் சோதனை நல்லதுதான். எனினும் நேர்மாறு சரியாக வந்திருப்பதால் காரணம் அதுவன்று. பங்கின் அன்றாட வருவாய்க்குத் திட்டவிலக்கம் 1 விழுக்காடு என்று கொண்டால் மாறுபாடு 0.0001 ஆகும். 100 பங்குகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றாலும்கூட அணிக்கோவை 10⁻⁴⁰⁰ ஆகிவிடும். தொடர்பு இருந்தால் இன்னும் சிறுக்கும். கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணால் ஏறத்தாழ 4.9 × 10⁻³²⁴ வரைதான் இறங்க முடியும், அதற்குக் கீழ் எல்லாம் 0தான்.

எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், டெட் கட்டளை உள்ளே, அணியை இரு முக்கோண அணிகளின் பெருக்கமாகப் பிரிக்கும் எல்.யூ. (LU) பகுப்பின் வழியாக அணிக்கோவையின் மடக்கையைச் சரியாகவே கணக்கிட்டு வைத்திருக்கிறது. கடைசிப் படியில் அதை அடுக்கேற்றும்போதுதான் மதிப்பு தொலைகிறது. உங்கள் பரவலைப் பொருத்தும் சூத்திரத்துக்குத் தேவையானதும் அந்த மடக்கையே. ஆகவே டிடெர்மினன்ட் (determinant) கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது இயல்பாகவே மடக்கையையும் குறியையும் தனித்தனியே தரும். அணியை ஒரு முக்கோண அணி, அதன் இடமாற்று அணி ஆகியவற்றின் பெருக்கமாகப் பிரிக்கும் சோலெஸ்கி (Cholesky) பகுப்பில் கிடைக்கும் மூலைவிட்ட உறுப்புகளின் மடக்கைகளைக் கூட்டி இரட்டித்தாலும் அதே விடை வரும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். 500 நாளுக்குப் பதில் 80 நாள் தரவே இருந்திருந்தால், அணியின் தரம் (ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை) 79ஐத் தாண்டாது. அப்போது அணிக்கோவை உண்மையாகவே 0.

செந்தூல் மாணவி:
மிக்க நன்றி, ஐயா. இரு வழிகளிலும் ஒரே விடை வந்தது. வருவாயை விழுக்காடாக மாற்றிப் பார்த்தபோது மடக்கை 921.03 கூடியது, அது 10⁴⁰⁰இன் இயல் மடக்கை என்று பிறகுதான் புரிந்தது.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
ஆம், 100 மாறிகளையும் 100 மடங்காக்கினால் அணிக்கோவை 100²⁰⁰ மடங்காகும். எனவே மாதிரிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே அலகையே வைத்துக்கொள்ளுங்கள்.