பழைய கார் ஷெட்டைப் பட்டறையாக்க 60,000 ரூபாய்: முதலில் கூரையா, மின்சாரமா?

கொங்குத்தச்சன்:
கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில், அம்பாசிடர் நிறுத்துவதற்காக 1980களில் கட்டப்பட்ட ஷெட் ஒன்று சும்மா கிடக்கிறது. அளவு 10 அடிக்கு 18 அடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே பொரிந்துபோன சிமென்ட் தரை, வீட்டிலிருந்து 20 மீட்டர் இழுத்து வந்த இரட்டைக் கம்பி ஒயர். மர வேலைக்கும் சிறு வெல்டிங் வேலைக்கும் ஏற்ற பட்டறையாக இதை மாற்ற விரும்புகிறேன். கையில் 60,000 ரூபாய்தான் இருக்கிறது. இரண்டு ஷீட்டுகள் விரிசல் விட்டிருப்பதால், கூரை முழுவதையும் கழற்றி வண்ணத் தகரம் போட வேண்டும், அதற்கு 46,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒப்பந்தக்காரர். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓட்டுவில்லை:
தயங்காமல் கூரையை மாற்றிவிடுங்கள். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான நிலைப்பாடு. நாற்பது ஆண்டு வெயிலும் மழையும் தின்ற ஷீட்டின் மேற்பரப்பில் சிமென்ட் தேய்ந்து நார் வெளியே தெரியும். விரலால் தடவினாலே மாவு போல ஒட்டும். அதன் கீழே நாள்தோறும் மூன்று மணி நேரம் நின்று வேலை செய்யப்போகிறவர், தரைக்கும் ஒயருக்கும் செலவழித்துவிட்டுக் கூரையை அப்படியே விடுவது சரியான கணக்கு அல்ல. தரையை அடுத்த ஆண்டு போட்டுக்கொள்ளலாம். நுரையீரலை மாற்ற முடியாது.

பழையஇரும்பு:
ஓட்டுவில்லை ஐயா சொல்லும் ஆபத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த ஆபத்து எப்போது காற்றில் கலக்கிறது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். இறுகிய சிமென்டுக்குள் கட்டுண்டு கிடக்கும் நார், ஷீட்டை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும்தான் பெருமளவில் வெளியேறுகிறது. நம் ஊரில் கூரை பிரிக்க வருபவர்கள் துருப்பிடித்த கொக்கி போல்ட்டைக் கழற்றப் பொறுமையில்லாமல் சுத்தியலால் ஷீட்டையே தட்டி இறக்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்து ஷீட்டுகளை அப்படி உடைத்து, சில்லுகளை வாசலில் குவித்து, பிறகு யாரோ பள்ளம் மூட எடுத்துப்போவதை விட, நல்ல நிலையில் உள்ளவற்றைத் தொடாமல் வெளிப்புறம் வெள்ளைப் பூச்சு இரண்டு முறை அடித்து நிறுத்துவதே பாதுகாப்பு. பூசுவதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. பாசியைத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால்தான் எடுக்க வேண்டும்.

விரிசல் விட்ட இரண்டை மட்டும் மாற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் அதே நெளிவுக்குப் பொருந்தும் வெளிச்சம் புகும் ஃபைபர் ஷீட் கடைகளில் கிடைக்கிறது. அந்த இடத்தில் அதைப் போட்டால் பகல் முழுவதும் விளக்கே தேவைப்படாது. மேலும், அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத வெறும் தகரத்தின் கீழ் ஏப்ரல் மதியத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் 46,000 ரூபாயை அதற்குக் கொடுக்க மாட்டார்கள்.

ஓட்டுவில்லை:
தொடாமல் விடலாம் என்பது வெறும் கிடங்குக்குப் பொருந்தும், பட்டறைக்குப் பொருந்தாது. விளக்கு மாட்ட ஒரு துளை, மின்விசிறிக்கு ஒரு கொக்கி, புகைபோக்கிக்கு ஒரு வெட்டு என்று பட்டறைக் கூரையை யாராவது ஏதாவது செய்துகொண்டேதான் இருப்பார்கள். உடைத்து இறக்குவார்கள் என்பது வேலையாளைப் பற்றிய குறையே தவிர, ஷீட்டை வைத்துக்கொள்வதற்கான காரணம் அல்ல.

மூன்றுமுனை:
அண்ணன்மார் இருவரும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மின்பணியில் இருப்பவள் என்ற முறையில் எனக்கு அந்தப் பதிவில் உறுத்தியது இரட்டைக் கம்பி ஒயர் என்ற சொல்தான். இரட்டைக் கம்பி என்றால் அங்கே எர்த் இல்லை. இரும்பு உடல் கொண்ட கிரைண்டரில் கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் நிலத்துக்குப் போவதற்கு அதைத் தொட்டுக்கொண்டிருப்பவரின் உடலைத் தவிர வேறு பாதை இருக்காது. அதிலும் ஓதம் ஏறிய தரையில் வெறுங்காலுடன் நிற்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் பல பத்தாண்டுகள் கழித்துக் கொல்லலாம். இது முதல் நாளே கொல்லும்.

ஆகவே முதல் செலவு இதுதான்: மூன்று இழைகள் கொண்ட 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், வீட்டுப் பலகையில் அதற்கெனத் தனி எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஷெட்டின் அருகில் முறையான எர்த் குழி. சுவரை வெட்டிப் புதைக்காமல் பிவிசி குழாயில் வெளிப்படையாக ஓட்டினால் கூலி குறையும். என் மதிப்பில் 18,000 ரூபாய்க்குள் அடங்கும்.

பழையஇரும்பு:
ஆர்சிசிபியையும் எர்த்தையும் பற்றி மறுப்பில்லை. ஆனால் பொழுதுபோக்குக்கு வேலை செய்பவருக்கு 4 சதுர மில்லிமீட்டர் எதற்கு? 2.5 போதும், மிச்சமாகும் பணத்தில், வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் நல்ல வைஸ் ஒன்று வாங்கலாம். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் இன்றைய புது வைஸை விடக் கனமான பழையது கிடைக்கும். மேசைக்கு மேற்பலகையாகக் கடப்பா கல் போடுவதும் உண்டு, ஆனால் சுத்தியல் வேலைக்கு அது விரிசல் விட்டுவிடும்.

மூன்றுமுனை:
வெல்டிங் வேலை என்று அவரே எழுதியிருக்கிறார். சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கூடக் கனமான ராடு போட்டால் 20 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். நாளைக்கே 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஒன்று வந்தால், ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்கும் அந்த மோட்டார் கிளம்பும் கணத்தில் 50 ஆம்பியர் கேட்கும். போக 20, வர 20 என்று 40 மீட்டர் கம்பியில் அப்போது 2.5 அளவில் ஏறத்தாழ 15 வோல்ட் குறையும், 4 அளவில் 9 வோல்ட் குறையும். மாலையில் தெருவிலேயே 205 வோல்ட்தான் வருகிறது என்றால், இந்த 6 வோல்ட் வித்தியாசத்தில்தான் மோட்டார் கிளம்புவதும், முனகிக்கொண்டே நின்று காயில் கருகுவதும் இருக்கிறது. வைஸை அடுத்த மாதம் வாங்கலாம். குழாய்க்குள் போன கேபிளை மீண்டும் உருவி மாற்றுவது இரட்டைச் செலவு.

சாந்துக்கரண்டி:
தரையைப் பற்றி யாரும் பேசவில்லை. தரை ஏன் பொரிந்தது என்று தெரியாமல் அதன் மேல் கான்கிரீட் போட்டால் பணம் வீண். சதுர அடி அளவுள்ள பாலிதீன் துண்டை நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. பெரும்பாலும் தெருச் சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் முற்றம் உயர்ந்து, ஷெட் பள்ளமாகி இருக்கும். அப்படியானால் வெளியே ஒரு வடிகால் வாய்க்கால் வெட்டுவதுதான் முதல் மருந்து. அதற்கு ஒரு ஆளின் கூலி போதும்.

முழுத் தரைக்கும் 1:2:4 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) 4 அங்குலம் போட்டால் 60 கன அடி, சிமென்ட் மட்டும் ஏறத்தாழ 11 மூட்டை. மெஷின் நிற்கும் 6 அடிக்கு 10 அடிப் பகுதிக்கு மட்டும், அடியில் பாலிதீன் விரித்துப் போட்டால் 4 மூட்டையில் முடியும். ஏழு நாள் தண்ணீர் கட்டி வையுங்கள். மீதிப் பகுதியில் பொரிந்ததைக் கொத்திவிட்டுப் பூச்சு போதும்.

கொங்குத்தச்சன்:
மூன்றுமுனை சகோதரியின் கணக்கை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கேபிளும் எர்த்தும் முதலில். ஆடிக்காற்று அடங்கிய பிறகு, ஐப்பசி மழைக்கு முன்பாக, விரிசல் விட்ட இரண்டு ஷீட்டுகளை மட்டும் மாற்றுகிறேன். முழுக் கூரையை மாற்றுவது பணம் சேர்ந்த பிறகுதான்.

மூன்றுமுனை:
ஒரு கேள்வி: வெளியாட்களின் வேலையைக் கூலிக்குச் செய்வீர்களா? செய்தால் வீட்டு இணைப்பிலிருந்து ஓட்டக் கூடாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தியதாகக் கருதி, பொருந்தும் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள்.

கொங்குத்தச்சன்:
இல்லை, வீட்டுத் தேவைக்கு மட்டும்தான்.

ஓட்டுவில்லை:
முழுவதையும் மாற்ற வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இருந்தாலும் இரண்டைக் கழற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால் அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். முந்தின நாள் போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றும்போது ஷீட்டை நன்றாக நனைத்துக்கொண்டே இருங்கள். கைக்குட்டை கட்டிக்கொள்வது எதற்கும் உதவாது, நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். இறக்கியதை உடைக்காமல் தடித்த பாலிதீனில் சுற்றிக் கட்டுங்கள், கோழிக்கூண்டுக்கு என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய ஷீட்டின் மேல் யாரும் நேரடியாகக் கால் வைக்க வேண்டாம். ஆள் எடைக்கு அது சொல்லாமல் உடையும். ஷீட்டைத் தாங்கும் இரண்டு குறுக்குக் குழாய்களின் மேல் பலகை போட்டு, அந்தப் பலகையில் மட்டும் நின்று வேலை செய்யச் சொல்லுங்கள்.