லேப்புக்கு வெளியே சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சவ்வுக்காரன்:
மருந்து செல் சவ்வை எப்படித் தாண்டுகிறது என்பதில்தான் என் பிஎச்டி. குறிப்பாக லாட்1 என்ற கடத்திப் புரதம். பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுக்கும் லெவோடோபா ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக இதுதான் வழி. இந்த நோயில் மூளையில் குறைந்துபோவது டோபமின்; உள்ளே போன லெவோடோபாதான் அதுவாக மாறும். டோபமினை நேரடியாகக் கொடுத்தால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள சுவரைத் தாண்டாது.

வைகை எக்ஸ்பிரஸில் பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும். ஐயாவுக்குக் கை நடுக்கம். பேச்சுவாக்கில் நான் என்ன படிக்கிறேன் என்று சொன்னதும் அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். மாத்திரை போட்ட நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, பிறகு எப்படி இருந்தார் என்று வரி வரியாக. "இட்லி - கேட்டுது. சுண்டல் - கேக்கல. முட்டை - கேக்கவே இல்ல."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?"

"அவருக்கு நேரம் ஏதுப்பா? டோஸைக் கூட்டி எழுதிக் குடுத்துட்டார்."

லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலம்தான். பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம் செரித்ததும் வரும் லியூசின், ஃபினைல்அலனின் எல்லாம் அதே லாட்1 வழியாகத்தான் போக வேண்டும். ஒரே வாசலில் முண்டியடிக்கும் கூட்டம் மாதிரி. குடலிலும் இதே போட்டி. லேப்பில் செல்களுக்கு லியூசினைக் கூட்டக் கூட்ட லெவோடோபா உள்ளே போவது சரியும். அந்தக் கிராஃபை அம்மா பேனாவால் எழுதி வைத்திருந்தார். என் கிராஃபைவிட நம்பகமானது என்றே சொல்வேன், ஏனென்றால் அவர் அளந்தது மனிதரை.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுவது, புரதத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளுவது எல்லாம் நரம்பியல் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். நானாக எதையும் மாற்றச் சொல்லவில்லை. நோட்டை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, புரதத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வாத்தியார் என்னிடம் கேட்டது வேறு: "தம்பி, பூனைக்காலி சூரணம் சாப்பிடலாமா?" அந்த விதையில் இருப்பதே லெவோடோபாதான். 1937இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டிய தாமோதரனும் ராமசாமியும் சென்னைப் பல்கலைக்கழகக்காரர்கள் என்று சொன்னதும் மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு எகிறிவிடும், டாக்டருக்குத் தெரியாமல் வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன்.

கால்நடை டாக்டர்:
எங்க கிளினிக் கதை. சொறிக்கு யாரோ சொன்னார்கள் என்று ஒரு கோலி இன நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். கண்மணி விரிந்து, எச்சில் ஒழுகி, நிற்க முடியாமல் தூக்கி வந்தார்கள். அந்த வீட்டுப் பெண் உங்க துறைதான், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். "சார், பி-கிளைக்கோபுரோட்டீன் இல்லையோ?" என்றாள். மூளைக்குள் நுழையும் மருந்தைத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளும் பம்ப் அது. கோலி இனத்தில் பல நாய்களுக்கு அந்தப் பம்புக்கான ஜீனில் நான்கு டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கும், பம்ப் வேலை செய்யாது. ஆம்ஸ்டர்டாமில் அந்த ஜீனை நீக்கிய எலிகளுக்குப் பூச்சித் தொல்லை என்று ஐவர்மெக்டின் அடித்தபோது அவை மடிந்ததையும், அதை வைத்து 1994இல் கட்டுரை வந்ததையும் அவள்தான் சொன்னாள். நான் டிரிப்ஸ் போட்டுக்கொண்டே கேட்டேன். சில நாளில் நாய் எழுந்துவிட்டது. இப்போதெல்லாம் கோலி வந்தால் அந்த மருந்துப் பக்கமே போவதில்லை.

மெடிக்கல்ஸ் அண்ணாச்சி:
ஒரு அக்கா அலர்ஜிக்கு ஃபெக்ஸோஃபெனாடின் வாங்குவாங்க, "கேக்கலை"ன்னு திரும்பி வருவாங்க. விசாரிச்சா ஆரஞ்சு ஜூஸோட போடுறாங்களாம். இதுவும் உங்க சமாச்சாரம்தானா தம்பி?

சவ்வுக்காரன்:
அதேதான் அண்ணாச்சி. குடலில் அந்த மருந்தை உள்ளே இழுக்கும் கடத்தியைப் பழச்சாறு மட்டுப்படுத்திவிடும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் மூன்றும். வெறும் தண்ணீரோடு போடச் சொல்லுங்க.