கட்டுத்தரைக் கணக்கு

செந்தில்: [படம்: பால் அட்டை]
சொசைட்டியில் இந்த வாரப் பட்டுவாடா ஆகிவிட்டது. வாங்கிய பணம் அப்படியே தீவனக் கடைக்குப் போய்விட்டது. ஆறு மாட்டையும் விற்றுவிட்டு டூவீலர் ஒர்க்ஷாப் வைக்கலாமா என்று யோசனை.

சித்தப்பா: பால் விலை கட்டவில்லை கண்ணு. 2023 டிசம்பரில் அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அதையும் தீவன மூட்டை விழுங்கிவிட்டது.

மலர் அக்கா: விலை எனக்கும் அதே சொசைட்டி விலைதானே சித்தப்பா.

செந்தில்: அக்கா, உனக்குச் சோளத்தட்டு சொந்தக் காட்டில் விளைகிறது. எனக்கு அப்படியா?

கவிதா: அண்ணா, அக்கா, இரண்டு பேரும் போன வருடக் கணக்கை அனுப்புங்கள். மொத்த லிட்டர், தீவன மூட்டை எத்தனை, மாடு எத்தனை. இந்த மாதக் கணக்கு மட்டும் வேண்டாம். அண்ணனிடம் இப்போது மூன்று மாடு வற்றியிருக்கிறது, அடுத்த மாதமே இரண்டு ஈனலாம். வருடம் முழுக்கப் பார்த்தால்தான் நியாயம்.

செந்தில்: என் பெரிய கறவை ஈன்ற புதிதில் ஒரு நேரத்துக்கு 9 லிட்டர் தந்தது. அதையும் எழுதிக்கொள்.

கவிதா: அது ஒரு மாட்டின் உச்சக் கறவை. அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன் 😄

(மதியம்)

கவிதா: போட்டுவிட்டேன். மூட்டை 1,500 ரூபாய் என்று இருவருக்கும் ஒரே விலை. பசுந்தீவனம், தட்டு இரண்டுக்கும் மாட்டுக்கு நாளைக்கு 75 ரூபாய். அக்காவின் காட்டில் விளைந்ததற்கும் ஊரில் விற்கிற விலைதான் போட்டேன். சும்மா கிடைத்தது என்று விட்டால் ஒப்பிட முடியாது.

செந்தில் அண்ணன்: 6 மாடு, 14,600 லிட்டர், 220 மூட்டை. லிட்டருக்குத் தீவனச் செலவு சுமார் 34 ரூபாய். கிடைத்த சராசரி விலை 36.50.

மலர் அக்கா: 5 மாடு, 14,200 லிட்டர், 175 மூட்டை. லிட்டருக்குச் சுமார் 28. சராசரி விலை 37.50, ஜெர்சிக் கலப்பில் கொழுப்பு கூடுதல் என்பதால்.

செந்தில்: நிஜமாகவா? அக்கா மாடு உச்சத்திலேயே நாளைக்கு 13 லிட்டர்தான் கறக்கும்.

கவிதா: ஆமாம், ஆனால் உன் ஆறு மாடு கொடுத்த பாலை அக்காவின் ஐந்து மாடு கிட்டத்தட்ட கொடுத்துவிட்டது. வற்றியதையும் சேர்த்து மொத்த மாட்டால் வகுத்தால் உனக்கு மாட்டுக்கு 2,430 லிட்டர், அக்காவுக்கு 2,840. கறக்கிற மாட்டை மட்டும் எண்ணினால் நீதான் ராஜா. ஆனால் வற்றிய மாடும் தின்கிறதே.

மலர் அக்கா: என் மாடுகள் 13 மாதத்துக்கு ஒருமுறை ஈன்றுவிடும். உனக்கு எத்தனை மாதம்?

செந்தில்: தேதி எழுதி வைக்கவில்லை.

கவிதா: காதில் போட்ட மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. கால்நடை மருத்துவமனையில் கேட்டால் அந்த எண்ணில் சினை ஊசி போட்ட தேதி பதிவாகியிருக்கும். நான் கன்றுகளின் வயதை வைத்துப் பார்த்தேன், சராசரி 17 மாதம் வருகிறது. வற்றிய மாட்டுக்கு நாளைக்கு 2 கிலோ அடர்தீவனம் 60, பசுந்தீவனமும் தட்டும் 75, ஆக 135 ரூபாய். ஒரு சினைப் பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது வர 21 நாள் போச்சு, அதாவது ஏறத்தாழ 2,800 ரூபாய். நான்கு மாதம் தள்ளிப்போனால் மாட்டுக்கு 16,000.

சித்தப்பா: அப்பத்தா சொல்லச் சொல்கிறார்கள்: ராத்திரி கட்டுத்தரைப் பக்கம் போய்ப் பார்க்காதவனுக்கு மாடு எங்கே சினை நிற்கும்?

கவிதா: அப்பத்தா சொல்வது சரி. பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான், அதில் பாதி ராத்திரி நேரத்திலேயே கழிந்துவிடும். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. சில மாடு கத்தாமலேயே பருவத்துக்கு வரும், கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம் வைக்கிறாயா?

செந்தில்: ஞாபகம் வரும்போது.

பிரபு (நியூசிலாந்து): மச்சான், இங்கே வைக்காட்டோவில் நான் வேலை செய்யும் பண்ணையிலும் இதே பேச்சுதான். டெய்ரிபேஸ் என்று ஒன்று இருக்கிறது, பண்ணைகளின் வரவுசெலவை அதில் ஏற்றி அதே பகுதிப் பண்ணைகளோடு ஒப்பிடுவார்கள். பாலுக்கு லிட்டர் கணக்கு கிடையாது, கொழுப்பும் புரதமும் சேர்ந்த கிலோவுக்குத்தான் காசு. இணைசேர்க்கை தொடங்கிய முதல் 6 வாரத்தில் நூற்றுக்கு 78 மாடு சினையாக வேண்டும் என்பது இலக்கு. பல பண்ணைகள் அதைத் தொடுவதில்லை.

சித்தப்பா: அங்கே புல்லுக்குக் காசு ஏது மாப்பிள்ளை? நூற்றுக்கணக்கான மாடு மேய்கிறது. அதோடு நம்மை ஒப்பிடலாமா?

பிரபு: கூடாது மாமா. அந்தக் கிலோ கணக்கை இங்கேயே விட்டுவிடுங்கள். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே சொசைட்டி. செந்திலுக்கு மலர்தான் சரியான அளவுகோல்.

மலர் அக்கா: ஆனால் என்னைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். தீவனம் போக நாளைக்கு 365 ரூபாய் நிற்கிறது. சாணி அள்ள, தட்டு வெட்ட, கறக்க என்று நானும் அத்தையும் சேர்ந்து 5 மணி நேரம். மணிக்கு 73 ரூபாய். டாக்டர் செலவு, ஊசி எல்லாம் இதிலிருந்துதான். காட்டு வேலைக்குப் போனால் இதைவிடக் கூட வரும். கன்றும் எருவும் விற்கிற காசு இருப்பதால் ஓடுகிறது.

கவிதா: அக்கா, அந்தக் கூலியையும் ஒரு வரியாகப் போடுகிறேன். பெண்கள் பார்க்கிற வேலையை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை.

செந்தில்: சரி. செவலை மாட்டுக்கு நாலு ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. விற்றுவிடவா? 45,000 கேட்கிறார்கள்.

சித்தப்பா: அப்பத்தா வேண்டாம் என்கிறார்கள். மூன்றாவது ஈத்துதான், மடி நல்ல மடி.

கவிதா: விற்பதற்கு முன் டாக்டரைக் கூப்பிட்டுக் கர்ப்பப்பையைப் பார்க்கச் சொல். புண் இருந்தால் மருந்திலேயே சரியாகலாம். இல்லாவிட்டால் 45,000 நல்ல விலைதான். அப்பத்தாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மற்ற மாடுகளுக்கும் இனி ஊசி போட்டு மூன்று மாதம் ஆகும்போது சினைப் பரிசோதனை செய்துவிடு. சினை இல்லை என்பது ஈனும் மாதத்தில் தெரிந்தால் அதுவரை போட்ட தீவனம் வீண்.

செந்தில்: ஞாயிறு டாக்டர் வருகிறார். காலண்டரிலும் தேதி எழுத ஆரம்பித்துவிட்டேன்.

சித்தப்பா: கவிதா, என் எட்டு மாட்டுக்கும் கணக்குப் போடு. ஆனால் குழுவில் போடாதே, தனியாக அனுப்பு.

மலர் அக்கா: எங்கள் கணக்கை மட்டும் ஊரே பார்க்கலாமா சித்தப்பா? 😂 மூட்டை எண்ணிக்கையை இங்கேயே போடுங்கள்.